இந்து நகர்க்காரரின் இரண்டாவது கேமரா: ஒரு மலை ரயில் பயணம்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம், காலை மணி 6.50. நீலமும் க்ரீமும் பூசிய பெட்டிகள் பிளாட்பாரத்தில் தயாராக நிற்கின்றன. இன்ஜின் பின்னால் இருக்கிறது. முதல்முறை வருபவர்கள் முன்னால் போய்த் தேடிவிட்டு, செல்போனும் கையுமாகப் பின்பக்கம் ஓடி வருகிறார்கள். இன்ஜினோடு ஆளுக்கு நாலு செல்ஃபி.

எடுக்காமல் நிற்பவர் ஒருவர்தான். இத்தனைக்கும் அவர் கழுத்தில் நிஜமான கேமரா தொங்குகிறது. லென்ஸ் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பிச்சி, எல்லாரும் எடுக்கறாங்க பாருங்க. நீங்களும் எடுங்க."

"வெளிச்சம் வரட்டும் கண்ணு. ரோல் வீணாயிடும்."

"இதுல ரோலே இல்லீங்க அப்பிச்சி!"

12 வயதுப் பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். 66 வயது அப்பிச்சியும் சிரித்துவிடுகிறார். ஆனாலும் மூடி திறக்கவில்லை. "இன்னிக்கு மொத்தமே 36 படந்தான். பாத்துப் பாத்துத்தான் எடுப்பேன்" என்று கண்டிஷன் போட்டுவிட்டு ஜன்னலோர சீட்டில் உட்காருகிறார். 7.10-க்கு ரயில் நகர்கிறது.

பெயரை எழுதக் கூடாது என்பது அவருடைய இன்னொரு கண்டிஷன். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் இந்து நகர்க்காரர். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இருக்கிறது இந்து நகர். மதத்தின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். 'இந்து' என்றால் சமஸ்கிருதத்தில் நிலா. 80-களில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தவர்களுக்கு அது ஒரு ஃபிலிம் ரோலின் பெயர். மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் தயாரித்த ரோல். அந்தத் தொழிற்சாலையில் 1979-ல் வேலைக்குச் சேர்ந்தவர் இவர்.

இருட்டில் நடந்த வேலை

1960-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. மலை உச்சியில் எதற்கு ஒரு தொழிற்சாலை என்று கேட்டால், காரணம் காற்று. ஃபிலிமுக்குத் தூசியும் ஆகாது, சூடும் ஆகாது. ஊட்டியில் அன்று இரண்டும் குறைவு. சாதாரண கேமரா ரோல், பிரின்ட் போடும் பேப்பர், சினிமா ஃபிலிம், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்-ரே ஃபிலிம் என்று எல்லாம் அங்கிருந்து மலை இறங்கின.

ஃபிலிம் செய்யும் இடத்தில் வெளிச்சம்தான் எதிரி. வெள்ளி உப்பும் ஜெலட்டினும் கலந்த குழம்பை, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின் மேல் தலைமுடியைவிட மெல்லியதாகப் பூச வேண்டும். பூசுவது, காயவைப்பது, வெட்டுவது எல்லாம் இருட்டில். "வெளிய வந்தா வெயில் கண்ணைக் குத்தும். வீட்ல கரன்ட் போனா எங்க வீட்ல மட்டும் யாரும் மெழுகுவத்தி தேட மாட்டோம்" என்கிறார் இந்து நகர்க்காரர்.

பகலெல்லாம் இருட்டில் வேலை பார்த்தவருக்கு லீவு நாள்களில் வெளிச்சத்தின் மேல் பைத்தியம். 1984-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு யாஷிகா எஃப்.எக்ஸ்-3 வாங்கினார். 50 எம்.எம். லென்ஸ் ஒன்றே ஒன்று. மாதத்துக்கு ஒரு ரோல் என்பது வீட்டு பட்ஜெட்டில் மனைவி ஒதுக்கிய கணக்கு. தாவரவியல் பூங்கா, ஏரிக்கரைக் குதிரைகள், கேரட் கழுவும் பெண்கள், தொட்டபெட்டா பனி. எல்லாவற்றுக்கும் நடுவில் மகள். தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது, பல் விழுந்தது என்று வரிசையாக ஆல்பத்தில் இருக்கிறாள்.

ஆல்பம் 2004-ல் நின்றுபோகிறது. ஏனென்றால் அப்போதுதான் பக்கத்து வீட்டுக்கு முதல் டிஜிட்டல் கேமரா வந்தது. "எங்க சோத்துல மண்ணைப் போட்ட சாமான். அதைத் தொடறதில்லைன்னு முடிவு பண்ணேன்." ரோல் கிடைப்பது குறைந்தது, கழுவிக்கொடுத்த ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மாறின. யாஷிகா பீரோவுக்குள் போனது. 2014-ல் மத்திய அரசு அறிவித்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் அவர் வெளியே வந்தார். ஆலையும் மூடப்பட்டது. குடும்பம் மலையிறங்கி மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய கோபத்தோடு வரலாறு முழுக்க ஒத்துப்போகவில்லை. 1990-களின் நடுவிலேயே அந்த நிறுவனம் நலிவுற்றவற்றின் பட்டியலுக்குப் போய்விட்டது. அன்று இந்தியாவில் எத்தனை வீட்டில் டிஜிட்டல் கேமரா இருந்திருக்கும்? நாடே கலர் படத்துக்கு மாறியபோது இந்துவின் பலம் கறுப்பு வெள்ளையிலும் எக்ஸ்-ரேயிலும்தான் இருந்தது. டிஜிட்டல் வந்து தட்டியபோது கதவு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு வேடிக்கை, முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே ஒரு ஃபிலிம் கம்பெனிதான். 1975-ல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் இன்ஜினீயர் செய்தார். எடை 3.6 கிலோ. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. அதே கோடக் 2012-ல் திவால் நோட்டீஸ் கொடுத்தது.

இதையெல்லாம் மகள் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கோபம் கணக்குப் பார்த்து வருவதில்லையே. 65-வது பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தந்த மிரர்லெஸ் கேமரா, பெட்டிகூடப் பிரிக்கப்படாமல் ஒரு வருடம் கிடந்தது.

பிஸ்கட் டின்னில் வினிகர் வாடை

பிரிக்க வைத்தது பேத்தியின் ஸ்கூல் ப்ராஜெக்ட். 'என் குடும்பம்' என்று தலைப்பு. பழைய படம் தேடியவள், பரணிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே நெகட்டிவ் சுருள்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயே, ஊறுகா மாதிரி நாறுதுங்க அப்பிச்சி!"

அவர் ஓடிவந்தார். அந்த வாடை என்னவென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பழைய ஃபிலிம்களின் அடித்தகடு பெரும்பாலும் அசிடேட். சூட்டிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் அது சிதைந்து, அசிட்டிக் அமிலத்தை வெளியிட ஆரம்பிக்கும். அதுதான் வினிகர் வாடை. ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. குளிரில் வைத்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். தகடு சுருங்கும், வளையும், மேலே இருக்கும் படம் உரியும். ஊட்டிக் குளிரில் 30 வருடம் பத்திரமாக இருந்தவை, மேட்டுப்பாளையம் வெயிலில் 10 வருடத்தில் வீணாகத் தொடங்கியிருந்தன.

(உங்கள் வீட்டுப் பரணிலும் நெகட்டிவ் இருந்தால் இன்றைக்கே திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை வரும் சுருள்களைத் தனியாகப் பிரித்து வைப்பது நல்லது. ஒன்றின் அமிலம் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.)

அன்று ராத்திரி அவரே மகளைக் கூப்பிட்டார். "அந்தக் கேமராவை எடும்மா."

நெகட்டிவைக் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்யலாம். நூற்றுக்கணக்கான சுருளுக்கு அது பெரிய செலவு. வீட்டிலேயே டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் திருப்பிக்கொள்ளலாம். மருமகனின் டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரை. அதிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் நெகட்டிவ். ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். நேர் மேலே, கீழ்நோக்கிப் பார்க்கும் கேமரா. அறையின் மற்ற விளக்கெல்லாம் அணைக்க வேண்டும். "மறுபடி இருட்டு ரூம்லயே உக்கார வெச்சுட்டீங்களே" என்று முணுமுணுத்தாலும், அவர் கை பழக்கத்தில் தானாக வேலை செய்தது.

யாஷிகாவின் பழைய லென்ஸை ஒரு அடாப்டர் வளையம் போட்டுப் புதுக் கேமராவில் மாட்ட முடியும் என்று தெரிந்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ஆனால் இரண்டு நாள் படமே விழவில்லை. ஷட்டர் அசையவில்லை. பழைய லென்ஸில் மின்தொடர்பு கிடையாது என்பதால், லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொண்டிருந்தது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்கும் வசதி மெனுவுக்குள் எங்கோ ஒளிந்திருப்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளவும்.

முதலில் சரியாக விழுந்த படம் ஒரு ரயில் நிலையம். கல் பெஞ்சில் ஃப்ராக் போட்ட ஐந்து வயதுப் பெண். பின்னால் போர்டு. எழுத்து தலைகால் புரியவில்லை. பேத்திதான் கண்ணாடி முன்னால் காட்டிப் படித்தாள்: கேத்தி. நெகட்டிவின் மங்கலான பக்கத்தை மேலே வைத்திருக்கிறார். பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்த்தால்தான் படம் நேராக விழும். ஆலையில் வேலை பார்த்தவருக்கே அந்த நேரத்துப் பதற்றத்தில் மறந்துவிட்டது.

"இது அம்மாவா? அம்மாவோடது இவ்வளவு இருக்கு. நீங்க எடுத்த என்னோட படம் எங்கீங்க அப்பிச்சி?"

ஒன்றுகூட இல்லை. 12 வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

208 வளைவு, 16 சுரங்கம்

அதனால்தான் இந்தப் பயணம். ரயில் பவானி ஆற்றைத் தாண்டிப் பாக்குத் தோப்புகளுக்குள் நுழைகிறது. கல்லாறு வரைக்கும் சமதளம். அதற்கப்புறம் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்குகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து பெட்டிகளை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டரில் கிளம்பும் ரயில், 46 கிலோமீட்டரில் சுமார் 2,200 மீட்டருக்கு ஏறியாக வேண்டும். 1908-லிருந்து ஊட்டி வரை ஓடுகிறது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவும் பேத்தி சத்தமாகப் படித்துக்காட்டும் விவரங்கள். அப்பிச்சி கேட்பதாகத் தெரியவில்லை. அவர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது லென்ஸ் மூடி திறக்கிறது. முதல் படம்: நீராவிக்குள் நடந்துபோகும் ரயில்வே ஊழியரின் முதுகு. பின் திரையில் பார்த்தவர் முகம் சுருங்குகிறது. நீராவி இருந்த இடம் வெறும் வெள்ளைத்தாள். அதில் ஒரு விவரமும் இல்லை.

இங்கேதான் ஃபிலிம்காரர்கள் டிஜிட்டலில் முதலில் தடுக்கி விழுவார்கள். நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். நிழல் பகுதிக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் அங்கே ஒன்றும் பதியாது. அதனால் நிழலைப் பார்த்து அளவு வைப்பார்கள். டிஜிட்டல் நேர்மாறு. இருட்டாக விழுந்ததைப் பிறகு ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது. 20 வருடம் கைக்குப் பழகிய கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்.

அடுத்து, ஐ.எஸ்.ஓ. ஃபிலிமில் ஒரு ரோல் போட்டால் 36 படத்துக்கும் அதே வேகம்தான். சுரங்கத்தின் இருட்டுக்கும் வெளியே இருக்கும் வெயிலுக்கும் ஒரே ரோல். இப்போது படத்துக்குப் படம் மாற்றலாம் என்பது அவருக்கு இன்னும் திருட்டுத்தனமாகவே தோன்றுகிறது. ஒரு சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பெட்டி முழுக்கக் கூச்சல். இந்த வழியில் மொத்தம் 16 சுரங்கம், ஒவ்வொன்றிலும் இதே கூச்சல்தான். மறுமுனையின் வெளிச்சம் பேத்தியின் கன்னத்தில் விழும்போது ஷட்டர் சத்தம் கேட்கிறது.

"என்னையவா எடுத்தீங்க?"

"ம்."

"காட்டுங்க, காட்டுங்க!"

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் கண்ணு. அந்தக் காலத்துல ஒரு வாரம் காத்திருப்போம்."

கேமராவைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். இதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. படம் எடுத்த அடுத்த விநாடி திரையைப் பார்க்கும் பழக்கம் வந்தால், எதிரே இருக்கும் காட்சி போய்விடும் என்கிறார். ஹில்குரோவில் அவர் பார்த்தது கணக்கில் சேராதாம்.

குன்னூரில் இன்ஜின் மாறுகிறது. நீராவிக்குப் பதில் டீசல். வெல்லிங்டன், அருவங்காடு தாண்டியதும் பனி இறங்குகிறது. பனியைக் கண்டால் கேமராவின் மீட்டர் ஏமாறும். எங்கும் வெள்ளையாக இருப்பதால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தைச் சாம்பலாக்கிவிடும். அதற்கு ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். இது ஃபிலிமிலும் டிஜிட்டலிலும் ஒன்றுதான். "இது மட்டும் மாறல" என்று முதல்முறையாகத் திருப்தியோடு ப்ளஸ் ஒன்று வைக்கிறார்.

கேத்தி. 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி எடுத்த நிலையம் என்று பெட்டியில் யாரோ சொல்ல, பாதிப் பேர் ஜன்னலுக்குப் பாய்கிறார்கள். அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்காக பாலு மகேந்திராவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 1989-ல் இந்து நகர்க்காரர் மகளை இங்கே உட்காரவைத்துப் படமெடுத்ததற்கு அந்த சினிமாவும் ஒரு காரணம்.

ரயில் இங்கே அதிக நேரம் நிற்காது. பேத்தி குதித்து இறங்கி ஓடுகிறாள். பெஞ்சில் வேறு ஒரு குடும்பம் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய இடத்தில் பழைய படத்தைத் திரும்ப எடுக்கலாம் என்று மாதக்கணக்காகப் போட்ட திட்டம் அங்கேயே முடிந்தது. அவர் ஒரு கணம் தயங்குகிறார். அந்தக் குடும்பத்துப் பாட்டி, "வா சாமி, உக்காரு" என்று நகர்ந்து இடம்விட, பேத்தி கையில் ஒரு தோசைத் துண்டு வந்துவிடுகிறது. லென்ஸ் வளையத்தை விரல் திருப்புகிறது. பழைய லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் கிடையாது. கூர்மையான விளிம்புகளைப் புதுக் கேமரா சிவப்புக் கோடாகக் காட்டுகிறது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட கண்ணுக்கு அது பெரிய உதவி.

விசில் ஊதுகிறது. மூன்று படம். பிறகு ஓட்டம்.

பஸ் ஸ்டாப்

ஊட்டியில் இறங்கும்போது பகல் 12 மணி. கமர்ஷியல் ரோட்டில் அவர் ரோல் வாங்கிய கடையில் இப்போது செல்போன் கவர்கள் தொங்குகின்றன. வர்க்கியும் டீயும் முடித்து, கூடலூர் பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஃபிங்கர்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம். கண்டக்டர் இன்றும் "எச்.பி.எஃப்., எச்.பி.எஃப்." என்றுதான் கூவுகிறார். ஆலை போன பிறகும் நிறுத்தத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

கற்பூர மரங்களுக்கு நடுவே சாலை. உள்ளே போக முடியாது. போகவும் அவர் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து ஆள்கள் வரிசையாக வெளியே வரும் நேரம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் கூட்டம், யார் எந்தப் பக்கம் பஸ் ஏறுவார்கள் என்பதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், நிறுத்தத்தருகே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கேமரா கழுத்திலேயே தொங்குகிறது.

"எடுக்கலீங்களா அப்பிச்சி?"

"இங்க நான் ஒரு படம்கூட எடுத்ததில்ல கண்ணு. தெனம் பாக்கற எடத்த யாரு படம் எடுப்பா? ரோல் வீண்னு விட்டுட்டேன்."

35 வருடம் வேலை பார்த்த இடத்தின் படம் ஒன்றுகூட அந்த பிஸ்கட் டின்னில் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மூடியைக் கழற்றினார். பஸ் ஸ்டாப், எதிர்ப்புறச் சரிவு, சாலையோரத்து டீக்கடை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு பேர் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். பெரிய அழகு எதுவும் இல்லாத படங்கள். ஒவ்வொன்றுக்கும் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

பிறகு கேமராவைக் கழற்றிப் பேத்தியிடம் நீட்டினார். "என்னைய இங்க ஒண்ணு எடு."

அவள் எடுத்தாள். காலை வெட்டிவிட்டாள், தலைக்கு மேல் மரமாக நிறைய இடம் விட்டுவிட்டாள். ஃபோகஸ் அவர் முகத்தில் இல்லை, பின்னால் வரும் பஸ்ஸில் இருக்கிறது. அவர் பார்க்கக் கேட்கவில்லை. இருவரும் அந்த பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் ஜன்னலோரம் அவர் கண்ணயர்ந்திருந்தார். பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுமை இல்லை. திரையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"அப்பிச்சி, 36-ன்னு சொன்னீங்க. 37 இருக்குங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ரோலைக் கவனமா மாட்டினா 37 வரும் கண்ணு."